இன்னொருவரால் ஆகாததா?
வேலூர் மருத்துவ மரபை முன்வைத்துத் தனிமனித மதிப்பு குறித்த ஓர் ஆய்வு

1. கேள்வி

தன் வாழ்வுக்கு ஒரு மதிப்பு உண்டு என்று மனிதர் எப்போது உணர்கிறார்? பிறருக்குப் பயன்படும்போது என்பது நெடுங்காலமாக நம்மிடம் இருக்கும் விடை. பிறருக்காக முயல்பவர்கள் இருப்பதால்தான் உலகம் நிலைத்திருக்கிறது என்ற கருத்தைப் புறநானூற்றின் 182ஆம் பாடல் முன்வைக்கிறது. குறள் ஒப்புரவறிதலுக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறது. இந்தப் பழைய விடையோடு நம் காலத்தில் ஒரு நிபந்தனை வந்து ஒட்டிக்கொண்டது. பயன்பட்டால் மட்டும் போதாது. வேறெவராலும் ஆகாத ஒன்றை நான் செய்ய வேண்டும், அப்போதுதான் என் வாழ்வு பொருளுடையது என்கிறது அந்த நிபந்தனை. பட்டமளிப்பு விழா உரைகளிலும் தன்னம்பிக்கை நூல்களிலும் இளைஞர்கள் இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, தங்களிடம் அப்படியொரு தனித்தன்மை இல்லையே என்று உள்ளுக்குள் ஒடுங்கிப்போகிறவர்களே அதிகம்.

இந்த நிபந்தனை சரிதானா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கருத்தளவில் மட்டும் பேசினால் இக்கேள்வி எளிதில் காற்றில் கரைந்துவிடும். எனவே வேலூரில் ஒரே நிறுவனத்தைச் சுற்றி வாழ்ந்த மூன்று மருத்துவர்களின் பணியை இதற்கு உரைகல்லாக எடுத்துக்கொள்கிறேன். மூவரையும் பற்றி எழுதப்பட்டவை அவர்களை ஈடிணையற்ற ஆளுமைகளாகவே காட்டுகின்றன. அவர்கள் செய்ததை உற்றுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

2. முன்பு சொல்லப்பட்டவை

‘மாற்று இல்லாத மனிதர்’ என்ற எண்ணத்துக்கு இருபதாம் நூற்றாண்டில் அழுத்தமான குரல் கொடுத்தவர் விக்டர் பிராங்கல். நாசி வதைமுகாம்களிலிருந்து மீண்ட இந்த வியன்னா மனநல மருத்துவர் 1946இல் வெளியிட்ட நூலில், தனக்காகக் காத்திருக்கும் ஒரு மனிதரையோ முடிக்கப்படாத ஒரு பணியையோ நினைவில் கொண்டவர்களுக்கு உயிர்வாழ ஒரு காரணம் கிடைத்தது என்று எழுதினார். பிராங்கலை மேற்கோள் காட்டுபவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். அவர் பேசியது அரிய திறமையைப் பற்றி அல்ல, பொறுப்பைப் பற்றி. வெளிநாட்டில் தந்தைக்காகக் காத்திருக்கும் குழந்தைக்கு அந்தத் தந்தையை விட்டால் வேறு ஆள் இல்லை. அதற்கு அவர் மேதையாக இருக்க வேண்டியதில்லை.

எதிர்த்திசையில் நிற்பவர் பீட்டர் சிங்கர். கிழக்கு வங்க அகதிகளின் துயரத்தின் பின்னணியில் எழுதி 1972இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், ஆழமில்லாத குளத்தில் மூழ்கிக்கொண்டிருக்கும் குழந்தை ஒன்று வருகிறது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதே அங்கு முக்கியம்; யார் காப்பாற்றுகிறார்கள் என்பது குழந்தைக்குப் பொருட்டல்ல. அடுத்த ஆண்டே பெர்னார்ட் வில்லியம்ஸ் இத்தகைய கணக்குக்கு ஓர் இடையூறு செய்தார். வேலையில்லாத வேதியியலாளர் ஒருவருக்கு உயிரி, வேதி ஆயுத ஆய்வுக்கூடத்தில் வேலை வருகிறது. அவர் மறுத்தால் இன்னும் தீவிரமான ஒருவர் அந்த இடத்துக்கு வந்துவிடுவார். அதனால் அவர் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டுமா? விளைவை மட்டும் எண்ணினால் செய்பவரின் வாழ்வும் பற்றும் கணக்கிலிருந்தே விழுந்துவிடுகின்றன என்பது வில்லியம்ஸின் கவலை.

இவர்களுக்கெல்லாம் முன்பே, 1785இல், இம்மானுவேல் கான்ட் விலைக்கும் மாண்புக்கும் இடையே கோடு கிழித்தார். விலையுள்ள பொருளுக்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம். மாண்புள்ளதற்கு ஈடு கிடையாது. மனிதருக்கு மாண்பு இருப்பது அவர் செய்த காரியத்தால் அல்ல என்பது இதன் உட்பொருள். இதைக் கட்டுரையின் கடைசிப் பகுதியில் மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இந்த விவாதத்தில் எல்லோரும் உதவுபவரின் பக்கமிருந்தோ, விளைவின் பக்கமிருந்தோ பார்க்கிறார்கள். உதவி பெற்றவர் அதற்குப்பின் என்ன ஆனார் என்ற கேள்வி ஓரமாகவே கிடக்கிறது. வேலூர் மரபு அந்தக் கேள்வியை நடுவில் கொண்டுவந்து வைக்கிறது என்பதே என் வாதம்.

3. ஒரே ஒருவர் என்பது ஒரு குறைபாடு: ஐடா ஸ்கடர்

1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், அமெரிக்க மருத்துவ ஊழியர் குடும்பத்தைச் சேர்ந்தவர். இந்தியாவில் தங்கும் எண்ணம் அவருக்கு இல்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் வெவ்வேறு சமூகங்களைச் சேர்ந்த மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியரைக் காக்க வேண்டும் என்று கேட்டதும், ஆண் மருத்துவரான தந்தையை அழைத்துச் செல்லுமாறு ஐடா சொல்லியும் அவர்கள் மறுத்ததும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனதும் பலமுறை சொல்லப்பட்ட கதை. இக்கதைக்கு மூலம் பெரும்பாலும் ஐடா சொன்ன நினைவுதான். ஒரே இரவு, மூவர், மூன்று சமூகங்கள் என்ற அதன் கச்சிதம், திரும்பச் சொல்லிச் சொல்லித் திரண்டதாகவும் இருக்கலாம். ஆனால் பெண் மருத்துவர் இல்லாமல் பெண்கள் இறந்தார்கள் என்ற அடிப்படை உண்மையில் ஐயமில்லை.

அந்த இரவில் ஐடாவின் நிலை என்ன? அங்கே உதவக்கூடியவராக அந்தக் குடும்பங்கள் கருதிய ஒரே ஆள் அவர். அவருக்கோ மருத்துவம் தெரியாது. அவரைத் தனித்து நிறுத்தியது அவருடைய சிறப்பு அல்ல. அந்தச் சமூகம் பெண்களுக்குக் கல்வி தராமல் வைத்திருந்ததால் உண்டான வெற்றிடம்தான் அவரைத் தனியாக நிறுத்தியது. 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் திரும்பி, 1902இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனையைத் திறந்த பிறகும் அவர் அந்த வட்டாரத்தில் தனியராகவே இருந்தார். அவர் விரும்பியிருந்தால் அந்தப் புகழோடு நின்றிருக்கலாம். அவர் 1909இல் செவிலியர் பள்ளியையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். தான் ஒருத்தி மட்டுமே என்ற நிலையை ஒழிப்பதே வாழ்நாள் வேலையாயிற்று. கிறித்தவ மருத்துவக் கல்லூரியாகப் பின்னர் வளர்ந்தது அந்தப் பள்ளிதான்.

‘என்னை விட்டால் யாருமில்லை’ என்ற நிலையைப் பெருமையாக எண்ணுவதற்கு முன் அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டாக வேண்டும். பெரும்பாலும் அது ஒருவரின் உயரத்தைக் காட்டுவதைவிட மற்றவர்களுக்கு அடைக்கப்பட்ட கதவுகளையே காட்டுகிறது.

4. சரிசெய்த கையும் குறைந்த பிச்சையும்: பால் பிராண்ட்

பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்று 1946இல் வேலூருக்கு வந்தார். 1947இல் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, விரல்கள் மடங்கி இறுகிப்போன ஒரு நோயாளியின் கையைப் பற்றினார். செத்துப்போனது என்று எல்லோரும் எண்ணியிருந்த அந்தக் கை அவர் கையை வலுவாக இறுக்கியது. சில தசைகள் செயலிழந்திருக்க, வேறு சில முழு வலுவோடு இருந்தன என்பது அவருக்கு அப்போது புலப்பட்டது. வலுவுள்ள தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரலுக்கு மாற்றிக் கட்டினால் கை மீண்டும் விரியும்.

தசைநாண் இடமாற்றம் அவர் கண்டுபிடித்தது அல்ல. காயத்தாலும் நோயாலும் முடங்கிய கைகளுக்கு மேலைநாடுகளில் ஏற்கெனவே அது செய்யப்பட்டு வந்தது. தொழுநோயாளியின் கைக்கு அதைச் செய்யலாம் என்றுதான் எவரும் முனையவில்லை. ‘சதை அழுகுகிறது, தைத்தால் ஆறாது’ என்ற நம்பிக்கை மருத்துவர்களையே தடுத்திருந்தது. பிராண்டும் அவருடைய குழுவினரும் நோயாளிகளோடு பொறுமையாக இருந்து பார்த்துச் சேர்த்த முடிவு வேறு: விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி உணர்வு போனதால், சுட்டதும் வெட்டியதும் தெரியாமல் காயம்மேல் காயம் பட்டுத் தேய்கின்றன. இரவில் உறங்கும்போது எலி கடித்தது தெரியாமல் விரல் இழந்தவர்கள் இருந்தார்கள் என்பது அங்கே கண்டறியப்பட்டது. அதன்பின் நோயாளிகள் வீடு திரும்பும்போது பூனை ஒன்றையும் கொடுத்தனுப்பும் வழக்கம் வந்தது என்று பிராண்ட் தம் நினைவுகளில் பதிந்திருக்கிறார். உலகப் புகழ்பெற்ற அறுவை மருத்துவரின் பங்களிப்பில் பூனைக்கும் இடம் உண்டு என்பதை நான் மிக மதிக்கிறேன். இன்னொருவரின் வாழ்க்கையில் மாற்றம் வர, அவர் எங்கே படுத்துறங்குகிறார் என்பது வரை தெரிந்திருக்க வேண்டும்.

இந்த மரபில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்க வைப்பது அடுத்த நிகழ்வு. அறுவை முடிந்து விரல்கள் விரிந்த சிலர் திரும்பி வந்து, இந்தக் கைகளைக் கொண்டு பிச்சை எடுக்க முடியவில்லை என்றார்கள். கை பார்க்க நன்றாகிவிட்டது, இரக்கம் குறைந்துவிட்டது. ஆனால் தொழுநோய் வந்தவர் என்பதால் வேலை கொடுக்க ஆளில்லை. அறுவையின் அளவில் பார்த்தால் அது முழு வெற்றி. அந்த மனிதரின் அளவில் பார்த்தால் இருந்த ஒரே பிழைப்பும் போயிற்று. கொடுப்பவரின் மனநிறைவை மட்டும் அளவுகோலாகக் கொண்டிருந்தால் பிராண்ட் அங்கேயே நின்றிருக்கலாம். 1951இல் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் தொடங்கப்பட்டது. அறுவை முடிந்தவர்கள் அங்கே தங்கி, உணர்வற்ற கையைக் காயப்படுத்திக்கொள்ளாமல் தச்சு வேலையும் பொம்மை செய்வதும் கற்றார்கள். கைக்குக் கிடைத்த அசைவு, பிறருக்குத் தேவைப்படும் ஒன்றைச் செய்யும் வேலையாக மாறிய பிறகுதான் சிகிச்சை முடிந்ததாகப் பொருள்பட்டது.

5. அமர்ந்தபடி செய்யக்கூடிய அறுவை: மேரி வர்கீஸ்

கொச்சிப் பகுதியைச் சேர்ந்த மேரி வர்கீஸ் 1925இல் பிறந்தவர். வேலூரில் மருத்துவம் பயின்று, மகப்பேறு மருத்துவராக விரும்பியிருந்தார். 1954இல் நண்பர்களோடு சென்ற வண்டி கவிழ்ந்தது. முகத்தில் ஆழமான காயம். தண்டுவடம் பழுதாகி இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அன்றைய இந்தியாவில் இத்தகைய காயம் பட்டவர்களில் பலர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துபோனார்கள்.

தொழுநோயாளிகளின் கைக்கு அறுவை செய்வதை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று பிராண்ட் அவருக்குச் சொன்னார். இந்த யோசனை எளிமையானது. ஆனால் இதில் இரண்டு பக்கமும் பார்த்த ஒரு கணிப்பு இருக்கிறது. அந்தத் துறையில் கைகள் தேவை, ஆட்கள் போதவில்லை. மேரிக்குக் கைகள் இருந்தன, கால்கள் வேண்டாத வேலை இருந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்து அவர் அறுவை செய்யக் கற்றார்.

மேரியின் கதையை வழக்கமாகச் சொல்பவர்கள் மனவலிமையை முன்னிறுத்துகிறார்கள். அது இல்லாமல் முடியாது, உண்மை. ஆனால் மனவலிமைக்கு இறங்கிச் செயல்பட ஓர் இடம் தேவைப்பட்டது. கூடவே, சக்கர நாற்காலி நுழைய அறுவை அரங்கம் இசைய வேண்டும், தூக்கி அமர்த்த ஆட்கள் வேண்டும், ‘இவர் இனி மருத்துவர் இல்லை’ என்று எழுதித் தள்ளாத நிறுவனம் வேண்டும். தனித்துவமான பங்களிப்பு ஒருவருக்குள் பொதிந்துகிடந்து வெளிவருவதாக எண்ணுகிறோம். இங்கே அது ஒருவருக்கும் ஒரு தேவைக்கும் நடுவில் உருவானது. அதை உருவாக்கப் பலர் உழைத்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்ற பின், தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கு நம் நாட்டில் எதுவுமில்லை என்பது அவரை உறுத்தியது. நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1960களில் வேலூரில் அத்துறையைத் தலைமையேற்று நடத்தினார். வேலூரின் பாகாயத்தில் எழுந்த மறுவாழ்வு நிலையம் இந்தியாவில் இத்துறையின் முன்னோடி. 1972இல் பத்மஸ்ரீ பெற்றார், 1986இல் மறைந்தார். ஐடா தனக்கு மாற்றாகப் பெண் மருத்துவர்களை உருவாக்கியது போலவே மேரியும் ஒரு துறையை விட்டுச் சென்றார். அவர் இன்று இல்லை. பாகாயத்தில் வேலை நடக்கிறது.

இப்படித் தனக்கு மாற்றை உருவாக்கிச் செல்வது கிறித்தவ ஊழிய மரபுக்கு மட்டும் உரியதா என்று கேட்கலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய கோ. வெங்கடசாமி, அரவிந்தரின் வழியைப் பின்பற்றியவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனதால் மகப்பேறு மருத்துவத்தைக் கைவிட்டுக் கண் மருத்துவத்துக்கு வந்தவர். வளைந்த விரல்களால் கருவியைப் பிடிக்கப் பழகி, தம் வாழ்நாளில் 1,00,000க்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். வியப்புக்குரிய எண்தான். ஆனால் தமிழகத்துக்கு அவர் தந்தது அந்த எண்ணிக்கை அல்ல. கிராமத்துப் பெண்களைப் பயிற்றுவித்து, அறுவைக்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளை அவர்களிடம் ஒப்படைத்து, எந்த மருத்துவர் வந்தாலும் அதே தரத்தில் நடக்கும் முறையை அமைத்ததுதான். 2006இல் அவர் மறைந்தபின் அங்கே அறுவை நிற்கவில்லை.

6. இக்கதைகளை எழுதியவர்கள்

மேலே சொன்ன மூன்று வேலூர் மருத்துவர்களின் வாழ்க்கையையும் பரவலாகக் கொண்டுசென்ற நூல்களை எழுதியவர் ஒருவரே: அமெரிக்க எழுத்தாளர் டோரதி கிளார்க் வில்சன். ஐடா பற்றிய நூல் 1959இலும் மேரி பற்றியது 1963இலும் வந்தன. பிராண்ட் பற்றியதும் அந்தப் பத்தாண்டிலேயே வந்துவிட்டது. மேலைக் கிறித்தவ வாசகர்களை நோக்கி, ஊழியத்துக்கு ஆதரவு திரட்டும் சூழலில் எழுதப்பட்டவை இவை. சோதனை, அழைப்பு, அர்ப்பணிப்பு, வெற்றி என்ற ஒரே தடத்தில் மூன்று வாழ்க்கைகளும் நடப்பதற்கு அந்தச் சூழலும் ஒரு காரணம்.

இதனால் நூல்கள் பொய்யாகிவிடவில்லை. ஆனால் யார் வெளிச்சத்தில் நிற்கிறார், யார் இருளில் என்பதை அவை தீர்மானித்துவிடுகின்றன. கட்டுப் பிரித்தபின் வாரக்கணக்கில் விரல்களுக்குப் பயிற்சி கொடுத்த உடலியக்கச் சிகிச்சையாளர்கள், புண் கழுவிய உதவியாளர்கள், எவரும் முன்பு செய்து பார்க்காத அறுவைக்குத் தம் கையை நீட்டிய முதல் நோயாளிகள் ஆகியோர் எங்கே? கடைசியில் சொன்னவர்களை நான் குறிப்பாக நினைக்கிறேன். ஒரு மருத்துவர் தோற்றால் அடுத்த நோயாளியிடம் போகலாம். நோயாளிக்கு இருப்பது அந்த ஒரு கைதான். அந்த இடர்ப்பாட்டை ஏற்றதால் பின்னால் வந்த ஆயிரக்கணக்கானவர்களின் கைகள் விரிந்தன. ‘தனித்துவமான பங்களிப்பு’ என்ற பட்டியலில் இவர்களின் பெயர் இடம்பெறாதது, பட்டியலின் பிழை.

7. அளவிட்டவர்கள் கண்டது

உளவியலாளர்களும் இக்கேள்வியைத் தொட்டிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசி வழியே நன்கொடை திரட்டும் ஊழியர்களை வைத்து ஆடம் கிராண்ட் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு பரவலாக அறியப்பட்டது. அந்த நன்கொடையால் படித்த மாணவர் ஒருவரைச் சில நிமிடங்கள் நேரில் சந்தித்த ஊழியர்கள், ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, முன்னைவிட இருமடங்குக்கும் மேற்பட்ட நேரம் தொலைபேசியில் உழைத்தார்கள். இவர்களில் எவரும் மாற்று இல்லாதவர் அல்லர். அவர்களை மாற்றியது தங்கள் உழைப்பு சென்று சேர்ந்த முகத்தைப் பார்த்ததுதான். அதே ஆண்டில் தாரா குருனவால்ட் குழுவினர் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, 70 முதல் 79 வயதுள்ளவர்களை ஏழு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பிறருக்குத் தாங்கள் பயன்படுவதாக உணராதவர்களிடையே இயலாமையும் மரணமும் மிகுதியாக இருந்தன.

இந்த இரண்டாவது ஆய்வைக் கவனத்தோடு கையாள வேண்டும். உடல் தளர்ந்தவர்கள் பயனற்றவர்களாக உணர்வதும் இயல்புதானே. எது காரணம், எது விளைவு? முதலில் இருந்த உடல்நிலையை ஆய்வாளர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்றாலும் ஐயம் முழுதாகத் தீராது. ஆயினும் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மனிதர் தம் மதிப்பை உணர ‘நான் மட்டுமே’ தேவைப்படவில்லை, ‘என்னால் இவருக்கு’ என்பது தேவைப்படுகிறது என்று சொல்ல இடமிருக்கிறது.

8. எதுவும் தர இயலாதவர்

இங்கே ஓர் ஆபத்து காத்திருக்கிறது. பயன்பாட்டில்தான் மதிப்பு என்றால், பயன்பட இயலாதவருக்கு மதிப்பு இல்லை என்றாகிவிடும். மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் காலங்காலமாக எதிர்கொண்ட கொடுமையான தர்க்கம் இது. நாசி ஜெர்மனி இந்தத் தர்க்கத்தை வைத்தே பல்லாயிரம் நோயாளிகளைக் கொன்றது. அதனால் மதிப்பு இருப்பது வேறு, அதைத் தானே உணர்வது வேறு என்று பிரித்தாக வேண்டும். முதலாவதற்குக் கான்ட் சொன்னதே போதும்: மாண்புக்கு ஈடு இல்லை, அதை எவரும் ஈட்ட வேண்டியதும் இல்லை. இக்கட்டுரை முழுவதும் பேசியது இரண்டாவதைப் பற்றி.

ஆனால் இரண்டாவதை மறுப்பதும் ஒரு வன்முறைதான். ‘உனக்கு மாண்பு உண்டு, படுத்திரு’ என்று சொல்லி எதையும் கேட்காமல் பராமரிப்பது அன்பாகத் தோன்றும். அது ஒருவரைப் பெறுபவராகவே நிறுத்திவைக்கிறது. தென்காசி அருகே ஆய்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். மேரிக்குக் கைகள் இருந்தன. இவருக்கு அதுவும் இல்லை. ஒவ்வொரு நாளும் இன்னொருவர் உதவி இல்லாமல் எழ இயலாத நிலையில், கிராமத்து மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குப் பள்ளியும் பயிற்சியும் தரும் நிறுவனத்தை அவர் கட்டினார். தமக்குச் சிகிச்சை தந்த மருத்துவரின் பெயரையே அதற்கு வைத்தார். பெறுதலும் தருதலும் எதிரெதிர் நிலைகள் என்ற நம் எண்ணத்தை இந்த வாழ்க்கை ஏற்கவில்லை.

எல்லோரும் ராமகிருஷ்ணன் ஆவதில்லை. ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. பேசவும் இயலாதவர்கள், நினைவு தப்பியவர்கள் பற்றி இந்த வாதம் எதுவும் சொல்ல முடியாது. அங்கே முதல் மதிப்பு மட்டுமே நின்று காக்க வேண்டும். இவ்விரு எல்லைகளுக்கு நடுவே இருப்பவர்களே மிகப் பலர். வீட்டில் ஒதுக்கி உட்காரவைக்கப்பட்ட தாத்தா, பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட காது கேளாத பெண், ஓய்வுபெற்ற மறுநாள் யாரும் எதையும் கேட்காத எழுத்தர். இவர்களிடம் என்ன தனித்திறமை இருக்கிறது என்று தேடுவதில் நம் காலம் செலவாகிறது. பிராண்ட் மேரியிடம் கேட்ட விதத்தில், இங்கே என்ன வேலை ஆளில்லாமல் கிடக்கிறது, அதை இவர் எந்த நிலையில் இருந்தபடி செய்யலாம், அதற்கு நாம் எதை மாற்றியமைக்க வேண்டும் என்று கேட்ட குடும்பங்களும் அலுவலகங்களும் எத்தனை?